ஆபீஸிலிருந்து எடைமேடை வரை 262 மீட்டர்: எங்கள் மில்லுக்கு ஃபைபர் போட்ட அனுபவம்

காங்கேயம் பக்கம் எங்களுக்கு ஒரு ரைஸ் மில் இருக்கிறது. மாமனார் ஆரம்பித்தது. இப்போது பில், கணக்கு, கேமரா, கம்ப்யூட்டர் எல்லாம் என் பொறுப்பு. போன வருஷம் மில் ஆபீஸிலிருந்து கேட் பக்கத்தில் இருக்கும் எடைமேடை அறை வரைக்கும் ஃபைபர் கேபிள் போட்டோம். போட்ட கையோடு எழுதியிருக்கலாம், ஆனால் ஒரு கோடை இடியும் ஒரு ஐப்பசி மழையும் தாண்டட்டும் என்று காத்திருந்தேன். இரண்டும் தாண்டியாகிவிட்டது. எங்களைப் போல மில், கிடங்கு, எண்ணெய்ச் செக்கு, ஸ்கூல் என்று பெரிய காம்பவுண்டு வைத்திருப்பவர்களுக்கு இது உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் எங்களுக்கு ஏன் இது தேவைப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். நெல் லாரி கேட்டுக்குள் வந்ததும் எடைமேடையில் ஏறும், எடைச் சீட்டு கம்ப்யூட்டரில் பதிவாகும், அந்த எண் ஆபீஸில் இருக்கும் எனக்கு உடனே வர வேண்டும். அரிசி வெளியே போகும்போதும் அப்படித்தான். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பை அரிசிக்கு ஐந்து சதவீத ஜிஎஸ்டி வந்தது, 2023 ஆகஸ்டிலிருந்து ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் இருப்பவர்களுக்கு அரசுத் தளத்தில் பதிந்து எண் வாங்கும் இ-இன்வாய்ஸ் கட்டாயமானது. கணினியில் பில் ஏறி எண் வாங்காமல் லாரியை அனுப்ப முடியாது. கேட்டில் லைன் போய்விட்டால் லாரி நிற்கும், டிரைவர் நிற்பார், பின்னால் அடுத்த லாரி ரோட்டில் நிற்கும். ஒரு நாளில் இரண்டு மணி நேரம் இப்படிப் போனால் ஏற்றுக்கூலி ஆட்களுக்கும் நஷ்டம், எங்களுக்கும் நஷ்டம்.

ஆரம்பத்தில் சாதாரண லேன் கேபிள்தான் இருந்தது. ஆபீஸிலிருந்து கேட்டுக்கு நேர்க்கோட்டில் 190 மீட்டர். லேன் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை என்பதால் நடுவில் ஒரு கம்பத்தில் பெட்டி வைத்து, அதற்குள் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் (லேன் கேபிள்களை இணைக்கும் கருவி) வைத்திருந்தார்கள். வெயிலில் அந்தப் பெட்டி அடுப்பு மாதிரி இருக்கும். ஒரு சித்திரை மாதம் இரவு இடி இறங்கியது. நேராக எங்கள் மேல் கூட இல்லை, பக்கத்துத் தோப்பில் ஒரு தென்னையில். அந்தச் செம்புக் கம்பி வழியாக வந்த அதிர்ச்சியில் கம்பத்து ஸ்விட்ச், ஆபீஸ் ஸ்விட்ச், கேமரா ரெக்கார்டர், எடைமேடையின் எண் காட்டும் கருவி நான்கும் ஒரே ராத்திரியில் போயின. அந்தக் கருவி மாற்றி, அளவு சரிபார்த்து, முத்திரை வாங்கி மறுபடி எடை போட ஒன்பது நாள் ஆனது. அதுவரை பக்கத்து எடைமேடையில் காசு கொடுத்து எடை போட்டோம்.

இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் செம்புக் கம்பி போடுவதில் இருக்கும் ஆபத்தை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன். ஃபைபர் என்பது கண்ணாடி இழை, அதில் ஓடுவது ஒளி. மின்சாரம் அதன் வழியாக வராது. வேகம் என்பதெல்லாம் எனக்கு இரண்டாவதுதான், இந்த ஒரு காரணத்துக்காகவே ஃபைபர் போட வேண்டும் என்று முடிவு செய்தோம்.

அங்கே ஒரு தப்பு நடந்தது. கேமரா மாட்டும் ஒருவரிடமே "ஃபைபரும் போட்டுக் கொடுங்க" என்று சொன்னோம். 18,500 ரூபாய். ஒரே நாளில் முடித்துவிட்டார். வீட்டு இணையத்துக்கு இழுப்பார்களே, தட்டையான கருப்பு ஒயர், அதையே மரத்துக்கு மரம் கட்டி, ஷெட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஓரமாக இழுத்து, இரண்டு முனையிலும் கையால் அழுத்தி மாட்டும் ரெடிமேட் கனெக்டர் போட்டு, ஒளியை லேன் சிக்னலாக மாற்றும் சின்ன மீடியா கன்வெர்ட்டர் பெட்டி வைத்துவிட்டுப் போனார். பச்சை லைட் எரிந்தது. நானும் சரி என்று பணம் கொடுத்துவிட்டேன். எந்த அளவீடும் எடுக்கவில்லை, எந்தத் தாளும் கொடுக்கவில்லை, கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை.

நான்கு மாதம் ஓடியது. அப்புறம் மத்தியானம் ஆனால் கேமரா படம் நின்று நின்று வரும், சாயங்காலம் சரியாகிவிடும். பாய்லர் பக்கம் கூரையில் ஏறும் சூட்டில் அந்தக் கனெக்டருக்குள் இழை நகர்ந்திருக்கிறது என்று பின்னால் வந்தவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். அதற்கு முன்பே ஒரு நாள் அணில் கடித்து முழுசாக அறுந்தது. பழைய ஆளைக் கூப்பிட்டால் வருகிறேன் வருகிறேன் என்பார், வந்தால் இன்னொரு கனெக்டர் மாட்டிவிட்டுப் போவார். மூன்றாவது தடவைக்குப் பிறகு விட்டுவிட்டோம். அவர் மோசமானவர் என்று நான் சொல்லவில்லை. கேமரா வேலையில் கெட்டிக்காரர்தான். ஆனால் ஃபைபர் அவருடைய தொழில் இல்லை, அதைத் தெரியாமல் கொடுத்தது எங்கள் பிழை.

இரண்டாவது முறை மூன்று பேரிடம் விலை கேட்டோம். ஒருவர் வாட்ஸ்அப்பில் இடத்தின் போட்டோ அனுப்பச் சொல்லி, வராமலேயே 41,000 என்று அனுப்பினார். ஒரு பெரிய கம்பெனி 1,30,000 சொன்னது, ஆனால் வேலைக்கு யார் வருவார்கள் என்று கேட்டால் "எங்க பார்ட்னர் டீம்" என்று மட்டும் சொன்னார்கள். மூன்றாமவர் நேரில் வந்தார். அவர் பெயரை இங்கே போடவில்லை, அவருடைய அனுமதி கேட்கவில்லை. தனியாக ஸ்ப்ளைசிங் மெஷினும் (இழைகளை உருக்கிச் சேர்க்கும் கருவி) சோதனைக் கருவியும் சொந்தமாக வைத்து, இரண்டு பையன்களோடு வேலை செய்பவர். முன்னால் டெலிகாம் கம்பெனிகளுக்குக் காண்டிராக்டில் ஊர் ஊராக ஜாயிண்ட் போட்டவர்.

வந்த முதல் நாள் அவர் விலையே பேசவில்லை. அளவு சக்கரத்தை உருட்டிக்கொண்டே என்னோடு நடந்தார். "அக்கா, லாரி எங்க திரும்பும்? மழைத் தண்ணி எங்க நிக்கும்? புதுசா ஏதாச்சும் ஷெட்டு கட்டற ஐடியா இருக்குங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். உலர்களம் பக்கத்தில் அடுத்த வருஷம் ஒரு டிரையர் வைக்கும் திட்டம் இருந்தது, அதைச் சொன்னதும் பாதையையே மாற்றிவிட்டார். அஸ்திவாரம் தோண்டும் ஜேசிபி முதல் வேலையாகக் கேபிளைத்தான் பிடுங்கும் என்றார். இபி கேபிள் போகிற பள்ளத்திலேயே இதையும் போட்டுவிடலாமே, தோண்டும் செலவு மிச்சம் என்று நான் கேட்டேன். ஒளிக்கு மின்சாரத்தால் தொந்தரவு இல்லை, ஆனால் நாளைக்கு யாராவது ஒன்றைச் சரி செய்யத் தோண்டும்போது இன்னொன்றை வெட்டிவிடுவார்கள், தவிர இந்தக் கேபிளுக்கு இரும்புக் கவசம் இருக்கிறது, மின்கம்பியோடு உரசக் கூடாது என்று விளக்கினார். நேர்க்கோட்டில் 190 மீட்டர்தான் என்றாலும் இப்படிச் சுற்றிப் போனதில் பாதை 230 மீட்டர் ஆனது. இந்த நடை ஒன்றரை மணி நேரம். வராமலேயே விலை சொன்னவருக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒன்றரை மணி நேரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

மாமாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "நெல்லு மில்லுல மண்ணுக்குள்ள கண்ணாடி ஒயரைப் போட்டா எலி சும்மா விடுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஃபைபர்காரர் ஒரு துண்டுக் கேபிளை வெட்டி மாமா கையிலேயே கொடுத்தார். மேலே தடித்த கருப்பு உறை, அதற்குள் நெளிநெளியான எஃகுத் தகடு சுற்றியிருக்கிறது, அதற்குள் ஜெல்லி நிரப்பிய குழாய், அதற்குள்தான் இழைகள். இந்தக் கேபிளையும் தனியாக ஹெச்டிபிஇ என்கிற கனமான பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டுத்தான் புதைப்போம் என்றார். மாமா அந்தத் துண்டை இன்னும் மேஜை டிராயரில் வைத்திருக்கிறார், வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்.

எத்தனை இழை, என்ன வகை என்பதிலும் அவர் சொன்னதைக் கேட்டது நல்லதாகப் போயிற்று. எங்களுக்குத் தேவை இரண்டே இழை. நான்கு இழைக் கேபிள் போதும் என்று நினைத்தேன். பன்னிரண்டு போடச் சொன்னார். கேபிளின் விலையில் வித்தியாசம் சில ஆயிரம்தான், மறுபடி தோண்டினால் ஐம்பதாயிரம். அதே மாதிரி, ஃபைபரில் இருக்கும் இரண்டு வகையில் சிங்கிள் மோடா மல்டிமோடா என்ற கேள்வி. மல்டிமோடு இழையில் ஒளி போகும் நடுப்பகுதி 50 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), சிங்கிள் மோடில் 9 மைக்ரான்தான். குறைந்த தூரத்துக்கு மல்டிமோடு போதும் என்று பலர் சொல்வார்கள், தப்பில்லை. ஆனால் இப்போது சிங்கிள் மோடு கேபிள் விலை குறைவு, இரண்டு பக்கமும் ஸ்விட்சில் மாட்டும் எஸ்எஃப்பி (ஒளியை அனுப்பி வாங்கும் சின்னக் கருவி) விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. நாளைக்கு 10 ஜிகாபிட் வேண்டும் என்றாலும் கேபிளைத் தொடாமல் முனையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சிங்கிள் மோடே போட்டோம்.

பள்ளம் தோண்டி முடிக்க மூன்று நாள். சாதாரண இடத்தில் இரண்டடி, லாரி குறுக்கே போகும் இடத்தில் மூன்றடி ஆழம், அந்த இடத்தில் மட்டும் ஒன்பது மீட்டருக்கு ஜிஐ பைப். அடியில் மணல், அதன் மேல் குழாய், அதன் மேல் மண், தரையிலிருந்து ஓரடி கீழே மஞ்சள் எச்சரிக்கை டேப். தோண்டுகிறவன் கண்ணில் முதலில் அந்த டேப் பட வேண்டும் என்பதற்காக. திருப்பம் வரும் நான்கு இடத்திலும் செங்கல் கட்டி மூடி போட்ட சின்னச் சேம்பர். நடுச் சேம்பரில் பத்து மீட்டர் கேபிளை வளையமாகச் சுற்றி வைத்தார். எங்காவது அறுந்தால் இழுத்துச் சேர்க்க அந்த மிச்சம் வேண்டும். இதுவும் மற்ற இடங்களில் விட்ட மிச்சமும் சேர்ந்துதான் 230 மீட்டர் பாதைக்கு 262 மீட்டர் கேபிள் போனது.

கேபிள் இழுக்கும்போது நான் நின்று பார்த்தேன். எங்கள் ஆட்கள் கயிறு இழுக்கிற பலத்தில் இழுக்க வந்தார்கள். அவர் தடுத்துவிட்டார். இழுக்கும்போது கேபிள் தடிமனைப் போல இருபது மடங்குக்குக் குறைவான வளைவு வரக்கூடாது. எங்கள் கேபிள் 12 மில்லிமீட்டர், அப்படியென்றால் 24 சென்டிமீட்டர் ஆரம். போட்டு முடித்த பிறகு பத்து மடங்கு இருந்தால் போதும். அதைவிட அதிகமாக வளைத்தால் உள்ளே கண்ணாடி உடையாமலே வெடிப்பு விடும், இன்றைக்கு வேலை செய்யும், ஆறு மாதம் கழித்துப் பாதியாகும் என்றார். ஒருவர் ஒரு முனையில் மெதுவாகத் தள்ள, இன்னொருவர் மறு முனையில் மெதுவாக இழுக்க, ஒவ்வொரு சேம்பரிலும் ஒருவர் நின்று கையால் ஏந்திக் கொடுத்தார்கள்.

நான்காவது நாள் ஜாயிண்ட், அதாவது கேபிளின் இரண்டு முனையிலும் கனெக்டர் உள்ள சிறு இழைகளை உருக்கிச் சேர்ப்பது. எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த பகுதி இது. ஃபேனை நிறுத்தச் சொன்னார், ஆபீஸ் கதவைச் சாத்தச் சொன்னார், மேஜையில் கருப்புத் துணி விரித்தார். எங்கள் மில்லில் தவிட்டுத் தூசு எப்போதும் காற்றில் இருக்கும், அவருக்கு அதுதான் பெரிய கவலை. 9 மைக்ரான் இடத்தில் ஒரு தூசு உட்கார்ந்தால் ஒளி பாதி போய்விடும். கண்ணாடி இழையின் முழுத் தடிமனே 125 மைக்ரான், முடியைப் போல. மேல்பூச்சை உரித்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட தாளால் துடைத்து, கிளீவர் என்கிற கருவியில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் முனை நேராக வெட்டுப்படுகிறது. அப்படி வெட்டிய இரண்டு முனையையும் மெஷினில் எதிரெதிரே வைத்ததும் அது தானே நகர்த்தி நேர்படுத்தி, ஒரு சின்ன மின்பொறியில் இரண்டையும் உருக்கி ஒன்றாக்கிவிடுகிறது. அந்த இடத்தில் ஒளி இழப்பு எவ்வளவு என்று திரையில் டெசிபல் கணக்கில் மதிப்பிட்டுக் காட்டும், எண் குறையக் குறைய நல்லது. பெரும்பாலும் 0.01, 0.02 டெசிபல். ஒரு ஜாயிண்டில் 0.09 காட்டியது. கணக்குப்படி 0.3 வரைக்கும் ஒப்புக்கொள்ளலாம். அவர் வெட்டி எடுத்துவிட்டு மறுபடி போட்டார். நான் கேட்கவில்லை, எனக்கு அந்த எண்ணின் அர்த்தமே அப்போது தெரியாது. நாங்கள் பயன்படுத்தப் போகும் இரண்டு இழையை மட்டும் சேர்த்தால் போதுமே என்றதற்கும் சம்மதிக்கவில்லை. பன்னிரண்டையும் இரண்டு பக்கமும், ஆக 24 ஜாயிண்ட், நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று நிற வரிசை மாறாமல் போட்டு, முனைப் பெட்டிக்குள் இருக்கும் டிரேயில் சுற்றி வைத்தார்.

வெட்டி விழுந்த கண்ணாடித் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து மூடி போட்ட ஒரு பாட்டிலில் போட்டுக்கொண்டே இருந்தார். கண்ணுக்குத் தெரியாது, தோலில் ஏறினால் எடுக்க முடியாது, சாப்பாட்டில் விழுந்தால் இன்னும் மோசம். அந்த அறையில் அன்று யாரையும் டீ குடிக்கவிடவில்லை. என் பையன் எட்டிப் பார்க்க வந்தபோது, "தம்பி, ஒயர் முனையைக் கண்ணுக்கு நேரா மட்டும் பிடிக்காதே, இதுல வர்ற வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, ஆனா கண்ணைக் கெடுத்துரும்" என்று சொல்லித்தான் உள்ளே விட்டார். உணவுப் பொருள் செய்கிற இடத்தில் இப்படி ஒரு ஒழுங்கோடு வேலை செய்கிறவர் வந்தது எனக்குப் பெரிய நிம்மதி.

அடுத்தது சோதனை. நீங்கள் யாரை வைத்துச் செய்தாலும் இதை மட்டும் விடாதீர்கள். ஓடிடிஆர் என்று ஒரு கருவி. ஒரு முனையிலிருந்து ஒளியைத் துடிப்பாக அனுப்பி, வழியெங்கும் திரும்பிவரும் சிறு ஒளியை வைத்து எத்தனையாவது மீட்டரில் என்ன இருக்கிறது என்று கோடாக வரைந்து காட்டும். மில் கேபிள் சின்னது என்பதால் கருவிக்கும் கேபிளுக்கும் நடுவில் ஒரு நீளமான சோதனை இழையை மாட்டினார், இல்லாவிட்டால் முதல் கனெக்டரே கருவியின் கண்ணில் படாது. 1310, 1550 நானோமீட்டர் என்று இரண்டு அலைநீளத்திலும், இரண்டு முனையிலிருந்தும் எடுத்தார்.

பத்து இழை சுத்தமாக வந்தன. இரண்டில், 1310-இல் எல்லாம் சரியாக இருக்க, 1550-இல் மட்டும் எடைமேடை முனையில் கோடு சற்று இறங்கியது. பார்த்ததும் சொல்லிவிட்டார்: ஜாயிண்ட் நன்றாக இருக்கிறது, டிரேக்குள் எங்கேயோ இழை மடங்கியிருக்கிறது, வளைவு இருந்தால் நீளமான அலைதான் முதலில் வெளியே கசியும். டிரேயைத் திறந்தால் மூடியின் ஓரத்தில் இரண்டு இழை நசுங்கியபடி இருந்தன. எடுத்துச் சரியாகச் சுற்றி மறுபடி அளந்ததும் கோடு நேராகிவிட்டது. வெறும் பச்சை லைட்டைப் பார்த்து முடித்திருந்தால் அந்த இரண்டு இழையும் அப்படியே உள்ளே நசுங்கிக்கொண்டு இருந்திருக்கும், நமக்கு அவை தேவைப்படும் அன்றைக்குத்தான் தெரியும். கடைசியில் ஒளிமானியால் முனைக்கு முனை அளந்தபோது எல்லா இழையிலும் இழப்பு ஒரு டெசிபலுக்குள். இரண்டு கனெக்டர், இரண்டு ஜாயிண்ட், கால் கிலோமீட்டர் கேபிள் என்று கூட்டினால் 2.2 வரைக்கும் அனுமதி உண்டு.

பன்னிரண்டு இழைக்கும் அந்த அளவீட்டை பிடிஎஃப் ஆகக் கொடுத்தார், கூடவே சேம்பர்கள் எங்கே, எத்தனை மீட்டரில் என்று குறித்த வரைபடமும். அதைப் பிரிண்ட் எடுத்து எடைமேடை அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். நாளைக்கு அவரே இல்லாவிட்டாலும் வேறு யார் வந்தாலும் இதைப் பார்த்து வேலை செய்ய முடியும். முதல் ஆளிடம் எங்களுக்குக் கிடைக்காதது இதுதான்.

இடி விஷயத்தில் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கண்ணாடி வழியாக மின்னல் வராது, ஆனால் எலிக்காகப் போட்ட எஃகுத் தகடு வழியாக வரும். கவசக் கேபிள் போட்டுவிட்டு அந்தக் கவசத்தை முறையாக எர்த் செய்யாமல், ஸ்விட்ச் வைத்திருக்கும் ராக்கில் கொண்டுவந்து விட்டால் செம்பு ஒயர் போட்டதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்காது. எங்கள் எர்த் குழியை அளந்து பார்த்துவிட்டுத்தான் அதைச் சேர்த்தார். உங்கள் ஆள் இதைப் பேசவே இல்லையென்றால் நீங்களாகவே கேளுங்கள்.

நிறையப் பேர் என்னிடம், "ஃபைபர் போட்டீங்களே, நெட் ஸ்பீடு எவ்வளவு கூடுச்சு?" என்று கேட்கிறார்கள். கூடவில்லை, கூடவும் கூடாது. இது மில்லுக்குள் இரண்டு கட்டடத்தை இணைக்கிற கேபிள். வெளியிலிருந்து வரும் இணைய இணைப்பு வேறு, அதற்கு மாதா மாதம் காசு கட்டுகிறோம், அது 100 எம்பிபிஎஸ் என்றால் 100தான். மாறியது என்னவென்றால், எடைமேடைக்கும் ஆபீஸுக்கும் நடுவில் ஒரு ஜிகாபிட் ஓடுகிறது, கிடங்குக் கேமராக்கள் தடங்கல் இல்லாமல் தெரிகின்றன, எடைச் சீட்டு லாரி மேடையை விட்டு இறங்கும் முன் என் திரைக்கு வந்துவிடுகிறது. இணையம் மெதுவாக இருக்கிறது என்பதற்காக உள்ளே ஃபைபர் போட நினைப்பவர்கள் முதலில் எந்தப் பக்கம் அடைப்பு என்று பார்த்துவிட்டுச் செலவு செய்யுங்கள்.

இனி காசு. ஜிஎஸ்டிக்கு முன் 78,530, சேர்த்து 92,665 ரூபாய். ஸ்விட்ச் எங்களிடம் இருந்ததால் அது இதில் இல்லை. இதில் கேபிளின் விலை வெறும் 8,480. பள்ளம் 27,000, குழாய் 10,350, லாரி வழிக்கு ஜிஐ பைப் 5,400, நான்கு சேம்பர் 10,000. ஜாயிண்ட் ஒன்றுக்கு 150 வீதம் 3,600, சோதனை அறிக்கைக்கு 3,000. மீதி இரண்டு முனைப் பெட்டி, பேட்ச் கார்டு (பெட்டியையும் ஸ்விட்சையும் இணைக்கும் சின்ன ஃபைபர் ஒயர்), உபரி இரண்டு உட்பட நான்கு எஸ்எஃப்பி. மீட்டருக்கு எவ்வளவு என்று மட்டும் விலை கேட்பவர்கள் இந்தப் பிரிவைப் பாருங்கள். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குதான் கேபிள். 41,000 சொன்னவரிடம் விவரம் கேட்டபோது, மரத்தில் கட்டி இழுப்பது, சோதனை கிடையாது என்று தெரிந்தது. அதே வேலைக்குத்தான் நாங்கள் ஏற்கெனவே 18,500 இழந்திருந்தோம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். எங்கள் வேலையைச் செய்தவர் சொன்ன தேதிக்கு நான்கு நாள் தாமதமாகத்தான் வந்தார், வேறு ஊரில் மெஷின் மாட்டிக்கொண்டதாம். முன்கூட்டியே ஒரு போன் செய்திருந்தால் நான் தோண்டும் ஆட்களை நிறுத்தி வைத்திருப்பேன், இரண்டு நாள் கூலி வீண். லேபிள்களை மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தார், எடைமேடை அறையின் சூட்டில் ஆறே மாதத்தில் மங்கிவிட்டது, நானே பிரிண்ட் செய்து மறுபடி ஒட்டினேன். இவ்வளவு நுணுக்கமாக வேலை செய்கிறவர் அதில் ஏன் கவனம் வைக்கவில்லை என்று புரியவில்லை. எஸ்எஃப்பி வாங்கும்போது எங்கள் ஸ்விட்ச் எந்தக் கம்பெனி என்று கேட்கவில்லை. ஆபீஸ் ஸ்விட்ச் அவர் கொண்டுவந்ததை ஏற்கவே இல்லை, வேறு வாங்கி வர ஒரு நாள் போனது. எல்லாவற்றையும்விடப் பெரியது பள்ளம் மூடிய விதம். மண்ணைத் தண்ணீர் விட்டு இடிக்காமல் மூடிவிட்டார்கள். முதல் மழைக்கே லாரி திரும்பும் இடத்தில் அரையடி இறங்கி, ஒரு லோடு வண்டியின் சக்கரம் அதில் மாட்டியது. கேபிளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் வண்டியைத் தூக்க ஒரு மணி நேரம்.

நாங்களாகச் செய்துகொண்ட சிக்கல் ஒன்றும் உண்டு, உங்களுக்கு நடக்கக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். இணைய கம்பெனிக்காரர் வைத்த மோடத்தில் பச்சை நிறக் கனெக்டர் இருக்கும், உள் இணைப்பில் எங்களுடையது நீலம். பார்க்க ஒரே மாதிரி, மாட்டினால் மாட்டிக்கொள்ளும். ஆனால் பச்சையின் முனை எட்டு டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீலத்தின் முனை சாய்வு இல்லாதது. இரண்டும் சேர்ந்தால் நடுவில் இடைவெளி விழும். ஒரு நாள் சுத்தம் செய்யும்போது கழற்றிய பேட்ச் கார்டுக்குப் பதில் எங்கள் பையன் ஒருவன் பச்சையை எடுத்து மாட்டிவிட்டான், அரை நாள் லைன் இல்லை. ஃபைபர்காரர் போனிலேயே "அக்கா, நுனி என்ன கலர்னு பாருங்க" என்று கேட்டுச் சரி செய்தார், அதற்குக் காசு வாங்கவில்லை.

சித்திரையில் மறுபடி இடி இறங்கியது. கிடங்கு வெளிச்சுவரில் இருந்த ஒரு கேமராவும், அது மாட்டியிருந்த எடைமேடை ஸ்விட்சில் ஒரு போர்ட்டும் போயின. பாதிப்பு அங்கேயே நின்றுவிட்டது, ஆபீஸ் பக்கம் ஒரு விளக்குகூட அணையவில்லை. காலையில் எட்டு மணிக்கு வழக்கம்போல எடை போட்டோம்.

மீதிப் பத்து இழையில் இரண்டு இப்போது டிரையர் பக்கம் போகப் போகிறது. நடுச் சேம்பரிலிருந்து பிரித்து எடுக்க 21,000 சொல்லியிருக்கிறார், அவரிடமே கொடுத்திருக்கிறேன். பள்ளம் சரியாக மூடும் வரைக்கும் என்று பழைய பில்லில் ஐயாயிரம் பிடித்து வைத்திருந்தேன். மூன்று தடவை போன் செய்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பையன்களோடு வந்து, மண் கொட்டித் தண்ணீர் விட்டு, அடுக்கு அடுக்காக இடித்து, மேலே ஜல்லி போட்டுச் சமன் செய்துவிட்டுப் போனார். நெல் ஏற்றிய லாரி ஒன்றை அதன் மேல் இரண்டு தடவை போய் வரச் சொல்லிப் பார்த்தோம், இறங்கவில்லை. அன்று சாயங்காலமே அந்த ஐயாயிரத்தை அனுப்பிவிட்டேன்.